அயல் மகரந்தம்

1915-ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த பஞ்சாப் இளைஞர் ஒருவர், கிங்கோ மரத்தின் சூல்களை மெல்லிய சீவல்களாக அரிந்து பூதக்கண்ணாடியின் கீழ்ப் பரிசோதித்தபோது, வேறொரு தாவரத்தின் மகரந்தம் அவற்றினுள்ளே புகுந்திருக்கக் கண்டு, அதனை ஒரு சிறு கட்டுரையாக வெளியிட்டார். செய்தி சிறியது, ஆயினும், கல்லாகிப்போன ஒரு வித்தினுள் மகரந்தம் காணப்பட்டால் அது அவ்வித்தை ஈன்ற செடிக்கே உரியது என்று தயக்கமின்றி முடிவு கட்டிவந்த அறிஞர்களுக்கு அது ஓர் எச்சரிக்கை. ஒரு பொருள் ஓரிடத்தில் கிடைத்தது என்பதனாலேயே அது அவ்விடத்துக்கு உரியதாகிவிடாது என்பதே அக்கட்டுரையின் சாரம். அந்த இளைஞரே பின்னாளில் இந்தியத் தொல்தாவர சாஸ்திரத்தின் தந்தை என்று போற்றப்பெற்ற பீர்பல் சாஹனி.

அவர் 1891 நவம்பர் 14-ஆம் நாள், மேற்குப் பஞ்சாபில் உப்பு மலைத்தொடருக்கு அணித்தாக உள்ள பேரா என்னும் ஊரிலே பிறந்தார். தந்தை ருசி ராம் சாஹனி லாகூர் அரசினர் கல்லூரியில் ரசாயனப் பேராசிரியர். மான்செஸ்டர் நகரில் ரதர்ஃபோர்டின் ஆய்வுக்கூடத்திலும் பணிபுரிந்தவர். அக்கல்லூரியில் 1911-இல் பட்டம் பெற்று இங்கிலாந்து சென்ற பீர்பலுக்கு, தொல்தாவர ஆராய்ச்சியில் அக்காலத்தில் முதன்மை பெற்று விளங்கிய ஸீவார்டு குருவாக வாய்த்தார். குருவும் சீடரும் சேர்ந்து இந்தியக் கோண்ட்வானாத் தாவரங்களை மறு ஆய்வு செய்து எழுதிய கிரந்தம் 1920-இல் வெளிவந்தது. அதற்கு முந்திய ஆண்டே தாயகம் திரும்பிவிட்ட சாஹனி, காசியிலும் லாகூரிலும் சிறிது காலம் கற்பித்தபின், 1921-இல் லக்னோ சர்வகலாசாலையின் தாவரவியல் பேராசிரியராக அமர்ந்து, ஆயுள் முழுவதும் அங்கேயே தங்கிவிட்டார்.

அவருடைய உழைப்பின் அருமையை உணர வேண்டுமானால், தொல்தாவர ஆராய்ச்சியாளனுக்கு உள்ள தலையாய இடர்ப்பாட்டை நாம் அறிந்துகொள்ள வேண்டும். விலங்கின் எலும்புக்கூடு சில வேளைகளில் முழுமையாகவே அகப்படும். மரமோ இலை ஓரிடத்தும், தண்டு ஓரிடத்தும், பூவும் காயும் வேறோரிடத்துமாகச் சிதறியே கல்லாகிறது. திருவிழாக் கூட்டத்தில் பிரிந்துபோன ஒரே குடும்பத்தார் வெவ்வேறு ஊர்களில் வெவ்வேறு பெயர்களோடு வாழ்ந்துவருவதைப் போல, ஒரே செடியின் அவயவங்கள் சாஸ்திரப் புத்தகங்களில் தனித்தனிப் பெயர்களைச் சூடிக்கொண்டு உறவறியாமல் கிடந்தன. ராஜ்மகால் குன்றுகளில் கிடைத்த பக்லாண்டியா என்ற தண்டும், டிலோஃபில்லம் என்ற இலையும், வில்லியம்ஸோனியா என்ற பூவும் அவ்வாறு கிடந்தவையே. கல்லை அறுத்து, ஒளி ஊடுருவும் அளவுக்கு மெலியும் வரையில் தேய்த்து, அணுஅணுவாக அமைப்பை ஒப்புநோக்கிய சாஹனி, மூன்றும் ஒரே செடியின் உறுப்புகளே என்று காட்டி, அச்செடியின் முழு வடிவத்தையும் 1932-இல் சித்திரித்து, அதற்குத் தம் குருவின் பெயரையே சூட்டினார். அதே குன்றுகளில் நிபானியா என்ற சிற்றூரில் அகப்பட்ட வேறொரு தாவரத்தின் தண்டும் இலையும் காயும் அவ்வாறே ஒன்றுசேர்க்கப்பட்டன. தண்டினுள் பொதுவாக ஐந்து மரக்கூறுகள் வட்டமாக நின்றமையால் பென்டாக்ஸிலான் எனப்பட்ட அதனை, எக்குலத்திலும் அடங்காத புதிய குலமென 1948-இல் அவர் உலகுக்கு அறிவித்தார். என் மதிப்பில் அவருடைய பணிகளுள் சிகரம் இதுவே.

செடிகளைக் கொண்டு நிலத்தின் சரித்திரத்தையும் அவர் வாசித்தார். காஷ்மீரத்தின் மலைச்சரிவில், நீர்நிலைகளில் மட்டுமே வளரும் சிங்காராச் செடியின் படிவம் மிகுந்த உயரத்தில் காணப்பட்டதிலிருந்து, அம்மலைகள் அண்மைக் காலத்திலும் உயர்ந்துவந்துள்ளன என்று ஊகித்தார். 1940-இல் சென்னையில் கூடிய இந்திய விஞ்ஞான காங்கிரஸுக்குத் தலைமை வகித்தபோது, தக்காணத்து எரிமலைப் பாறைகளே அவர் உரைக்குப் பொருளாயின. நம் திருவக்கரையில், வக்கிராசுரனின் எலும்புகளென்று ஊரார் சொல்லிவரும் கல்மரங்களும், ஊசியிலை மரங்களைப் பற்றிய அவருடைய 1931-ஆம் ஆண்டு மறு ஆய்வில் இடம்பெற்றவை. ரோத்தக்கை அடுத்த கோக்ராகோட் மேட்டில் 1936-இல் கண்டெடுத்த களிமண் நாணய அச்சுகளை வைத்துப் பண்டை இந்திய நாணய வார்ப்பு முறையைப் பற்றியும் ஒரு நூல் எழுதினார் என்றால், அவருடைய ஆர்வத்துக்கு எல்லை ஏது? லண்டன் ராயல் சொஸைட்டி அவரை அங்கத்தினராக ஏற்றதும் அவ்வாண்டில்தான்.

இத்தகையவருடைய வாழ்வின் இறுதி வழக்கு, அவர் பிறந்த ஊரை அடுத்த உப்பு மலையிலேயே நடந்தது விந்தை. அவ்வுப்புப் படுகையின் வயது குறித்துப் பூகர்ப்ப சாஸ்திரிகள் நெடுங்காலமாக வாதிட்டுவந்தனர். உப்பைக் கரைத்து வடித்தெடுத்த வண்டலில், பூக்கும் தாவரங்களின் மரத்துணுக்குகளையும் பூச்சிகளின் சிதைவுகளையும் கண்ட சாஹனி, அப்படுகை ஈயோஸீன் யுகத்தது, அதாவது ஏறத்தாழ ஐந்து கோடி ஆண்டுகளுக்கு உட்பட்டது என்று உறுதிபடக் கூறினார். வெளித்தூசி கலவாதவாறு அவரும் சீடர்களும் எச்சரிக்கையோடு இருந்தது மெய்யே. ஆனால் பிற்கால ஆராய்ச்சி அவருக்கு எதிராகவே முடிந்தது. படுகை ஐம்பது கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்டதென்றும், அத்துணுக்குகள் பின்னர் வெளியிலிருந்து புகுந்தவை என்றும் இன்று கொள்ளப்படுகிறது. சூலினுள் அயல் மகரந்தம் புகும் என்று இளமையில் எழுதியவருக்கு, உப்பினுள் அயல் துணுக்கு புகும் என்பது முதுமையில் ஏற்புடைத்தாகத் தோன்றவில்லை. இதனால் அவர் புகழ் குன்றிற்று என்று எவரும் சொல்லார். சான்றை வெளிப்படையாக வைத்து வாதிட்டமையால்தான் பின்வந்தோர் அதனை மறுக்கவும் முடிந்தது.

தம் சேமிப்புகளையெல்லாம் வைத்து ஒரு தொல்தாவர ஆராய்ச்சி நிலையம் காண வேண்டுமென்ற அவர் கனவு 1946-இல் லக்னோவில் உருப்பெற்றது. அதன் கட்டடத்துக்கு, பல நாட்டுப் புதைபடிவங்களைப் பதித்து அவரே வார்த்த அடிக்கல்லை 1949 ஏப்ரல் 3-ஆம் நாள் பிரதமர் நேரு நாட்டினார். ஒரு வாரம் கழிந்து, ஏப்ரல் 10-ஆம் நாள், இருதய நோயால் சாஹனி காலமானார். நிலையத்தின் பொறுப்பை அவருடைய மனைவி சாவித்திரி அம்மையார் ஏற்று நடத்தினார். கட்டடம் முற்றுப்பெற்று 1953 ஜனவரியில் நேருவாலேயே திறந்துவைக்கப்பட்டது.