அறுவடை முடிஞ்சாச்சு, அந்தமான் போகலாமா? டெல்டாவிலிருந்து தீவுப் பயணம் கிளம்புவோர் தெரிந்துகொள்ள வேண்டியவை

சம்பா அறுவடை முடிந்து நெல் பணம் கைக்கு வந்ததும், "ஒரு தடவையாவது குடும்பத்தோட பிளைட்ல போயிட்டு வரணும்" என்ற பேச்சு தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி பக்கத்து வீடுகளில் எழும். அதில் முதலில் அடிபடும் பெயர் அந்தமான். பாஸ்போர்ட் தேவையில்லை. தமிழ் பேசுபவர்கள் அங்கே நிறைய இருக்கிறார்கள். ஆனால் தேதியைத் தப்பாகப் போட்டுவிட்டால், காசு கொடுத்துப் போய் ரூமுக்குள் உட்கார்ந்து மழையை வேடிக்கை பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். எப்போது போகலாம், எப்படிப் போகலாம், எங்கே ஏமாறாமல் இருக்கலாம்? பார்ப்போம்.

எந்த மாதம் சரி?

மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடப்படும். குறுவை, சம்பா, தாளடி எல்லாம் இந்தக் கணக்கில்தான் ஓடுகின்றன. அறுவடை முடிந்து, தரிசில் உளுந்து, பயறு தெளித்த பிறகு வயல் வேலை குறையும் காலம் பிப்ரவரி கடைசி முதல் ஏப்ரல் வரை. அந்தமானில் கடல் அமைதியாக இருப்பதும் இதே மாதங்களில்தான். நமக்கு ஓய்வு கிடைக்கும் நேரமும் தீவின் நல்ல நேரமும் ஒன்றாக அமைவது டெல்டாக்காரர்களுக்கு வசதி.

ஒரு எச்சரிக்கை. 2023 பிப்ரவரி தொடக்கத்தில் பெய்த மழையில் அறுவடைக்கு நின்ற சம்பா சாய்ந்தது பலருக்கு நினைவிருக்கும். நெல் வயலிலோ, கொள்முதல் நிலைய வாசலில் மூட்டையாகவோ கிடக்கும்போது, ரத்து செய்தால் பணம் திரும்பாத டிக்கெட்டைப் போடாதீங்க. பணம் பேங்க் கணக்கில் ஏறிய பிறகு, மூன்று நான்கு வாரம் தள்ளித் தேதி பாருங்க.

மே மாத லீவில் போனால் என்ன?

பலர் சறுக்குவது இங்கேதான். தென்மேற்குப் பருவமழை கேரளாவுக்கு வரும் முன்பே அந்தமானைத் தொட்டுவிடும். 2025-ல் மே 13-லேயே தொடங்கியது. "மே மாத ஆஃபர்" என்று பேக்கேஜ் மலிவாகக் கிடைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். பள்ளிப் பிள்ளைகளோடு போவதென்றால் தேர்வு முடிந்ததும் ஏப்ரல் கடைசியிலேயே கிளம்புவது நல்லது.

மே, ஜூன்தான் முடியும் என்றால் இலங்கையின் கிழக்குக் கரையை யோசிக்கலாம். திருகோணமலை அருகே நிலாவெளி, மட்டக்களப்பு பக்கம் பாசிக்குடா ஆகிய இடங்களில் மே முதல் செப்டம்பர் வரை கடல் அமைதியாக இருக்கும். திருச்சியிலிருந்து கொழும்புக்கு நேரடி விமானம் உண்டு. நாகப்பட்டினம் - காங்கேசன்துறை பயணிகள் கப்பல் 2023 அக்டோபர் 14-ல் தொடங்கி, சில நாளில் நின்று, 2024 ஆகஸ்ட் 16 முதல் 'சிவகங்கை' கப்பலாக மீண்டும் ஓடியது. பயணம் சுமார் 4 மணி நேரம். வானிலை மோசமானால் நிறுத்திவிடுவார்கள் என்பதால், கிளம்பும் முன் அட்டவணையைக் கட்டாயம் பாருங்க. பாஸ்போர்ட்டும் இலங்கை அரசின் மின்னணுப் பயண அனுமதியும் தேவை.

தஞ்சாவூரிலிருந்து எப்படிப் போவது?

அந்தமானுக்கு வசதியான வழி சென்னைதான். உழவன் எக்ஸ்பிரஸ் மாதிரி இரவு ரயிலில் ஏறித் தாம்பரத்தில் இறங்கினால், புறநகர் ரயிலில் திரிசூலம் போகலாம். எதிரிலேயே விமான நிலையம். ஆனால் ரயில் தாமதமானால் விமானம் போய்விடும். அதிகாலை விமானம் என்றால் முதல் நாளே சென்னை போய்த் தங்குவது பாதுகாப்பு.

சென்னையிலிருந்து விமானத்தில் சுமார் இரண்டேகால் மணி நேரம். கப்பலும் உண்டு. ஆனால் ஏறத்தாழ 3 நாள் ஆகும், மாதத்தில் சில தடவைதான் கிளம்பும். முதல் முறை போகிறவர்கள், வயதானவர்களோடு போகிறவர்களுக்குக் கப்பல் சரிப்படாது.

பெயர்க் குழப்பம் ஒன்று இருக்கிறது. போர்ட் பிளேருக்கு 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜய புரம் என்று பெயர் மாற்றினார்கள். 2018-ல் ஹேவ்லாக் தீவு ஸ்வராஜ் தீவாகவும், நீல் தீவு ஷஹீத் தீவாகவும் மாறின. டிக்கெட் தளங்களில் பழைய பெயரும் வரும், புதுப் பெயரும் வரும். இரண்டும் ஒரே இடம்தான்.

எத்தனை நாள் வேண்டும்?

குறைந்தது 5 இரவுகள். பொதுவான திட்டம் இது:

• முதல் நாள்: ஸ்ரீ விஜய புரம். செல்லுலார் சிறை, மாலை ஒலி-ஒளிக் காட்சி.
• 2, 3-ம் நாள்: ஸ்வராஜ் தீவு. படகில் சுமார் 2 மணி நேரம். நீலக் கொடிச் சான்று பெற்ற ராதாநகர் கடற்கரை இங்கேதான்.
• 4-ம் நாள்: ஷஹீத் தீவு.
• 5-ம் நாள்: மீண்டும் ஸ்ரீ விஜய புரம். அடுத்த நாள் விமானம்.

இதில் மாற்றவே கூடாதது கடைசி வரி. "காலையில் ஸ்வராஜ் தீவிலிருந்து படகு, மதியம் விமானம்" என்று யாராவது திட்டம் போட்டுக் கொடுத்தால் ஒத்துக்கொள்ளாதீங்க. கடல் கொந்தளித்தால் படகு ரத்தாகும், விமானம் காத்திருக்காது. 2016 டிசம்பரில் புயல் சின்னத்தால் படகுகள் நின்றுபோய், ஸ்வராஜ், ஷஹீத் தீவுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுற்றுலாப் பயணிகள் நாள்கணக்கில் மாட்டினார்கள். கடற்படைக் கப்பல்கள் போய் மீட்டன. அடுத்த சில நாளில் அதுவே வர்தா புயலாகச் சென்னையைத் தாக்கியது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை போகிறவர்கள் கையில் ஒரு நாளாவது உபரியாக வையுங்க.

இன்னொன்று, அங்கே சூரியன் சீக்கிரம் உதித்து, மாலை ஐந்தரைக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடும். ஊர் சுற்றுவதைக் காலையிலேயே ஆரம்பிப்பது லாபம்.

டிக்கெட்டில் இனிஷியல் பிரச்னை

விமான டிக்கெட்டில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் கேட்கும். நம் ஊரில் இனிஷியல்தானே? ஆதாரில் இருக்கிற மாதிரியே எழுத்து மாறாமல் போடுங்க. வெளிநாடு என்றால் பாஸ்போர்ட்டில் இருக்கிற மாதிரி. படகு டிக்கெட்டுக்கும் அசல் அடையாள அட்டை தேவை. 2 வயதுக்குள் குழந்தை இருந்தால் பிறப்புச் சான்றிதழை எடுத்துக்கொள்ளுங்க.

பேக்கேஜில் எதைக் கேட்க வேண்டும்?

• தீவுக்குத் தீவு போகும் படகுக் கட்டணம் சேர்ந்ததா? அரசுப் படகா, தனியார் படகா?
• எத்தனை வேளைச் சாப்பாடு? காலை உணவு மட்டும்தானா?
• படகு ரத்தானால் கூடுதல் இரவுச் செலவு யாருடையது?
• ஹோட்டல் பெயர் என்ன? "அதே தரத்தில் வேறு ஹோட்டல்" என்ற வரி இருக்கிறதா?

முன்பணம் கொடுத்த பிறகு, விமானப் பதிவு எண்ணை வாங்கி விமான நிறுவனத்தின் தளத்தில் நீங்களே சரிபாருங்க. ஹோட்டலுக்கு நேரடியாகப் போன் பண்ணி உங்கள் பெயரில் ரூம் இருக்கிறதா என்று கேளுங்க. இணையத்தில் ஏமாந்தால் உடனே 1930-க்கும், சேவைக் குறைபாட்டுக்கு 1915 நுகர்வோர் உதவி எண்ணுக்கும் அழைக்கலாம்.

வெளிநாட்டு பேக்கேஜ் என்றால் டிசிஎஸ் என்ற வரியும் பிடிப்பார்கள். வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்தால்தான் அதைத் திரும்பக் கேட்க முடியும். விவசாய வருமானம் மட்டும் உள்ள பலர் தாக்கல் செய்வதில்லை, அந்தப் பணம் அப்படியே போய்விடுகிறது.

மாலத்தீவு, லட்சத்தீவு எப்படி?

மாலத்தீவுக்கு இந்தியர்களுக்கு இறங்கியதும் விசா இலவசம். விளம்பரத்தில் வருவது பெரும்பாலும் ரூம் விலை மட்டும்தான். ரிசார்ட்டுக்குப் போகும் ஸ்பீட் போட் அல்லது கடல் விமானச் செலவு, சேவைக் கட்டணம், வரி எல்லாம் தனி. 2025 முதல் ரிசார்ட்டில் பசுமை வரியே ஒருவருக்கு ஒரு நாளைக்கு 12 டாலர். கடல் விமானம் இரவில் பறக்காது, எனவே மாலேயில் இறங்கும் நேரத்தைப் பார்த்து டிக்கெட் போடுங்க.

லட்சத்தீவுக்கு நுழைவு அனுமதி கட்டாயம். கொச்சியிலிருந்து அகத்திக்கு விமானம், மற்ற தீவுகளுக்குக் கப்பல். அனுமதி கைக்கு வராமல் டிக்கெட் எடுக்காதீங்க.

அப்பா, அம்மாவை அழைத்துப் போகிறீர்களா?

படகில் ஏறி இறங்கும்போது ஆட்டம் இருக்கும், முழங்கால் வலிக்காரர்களுக்குக் கை பிடிக்க ஆள் வேண்டும். குமட்டலுக்கு மாத்திரையை டாக்டரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்க. சர்க்கரை, பிரஷர் மாத்திரைகள் கைப்பையில்தான் இருக்க வேண்டும். பெரிய அரசு மருத்துவமனை ஸ்ரீ விஜய புரத்தில்தான் உள்ளது. இதய நோய், ஆஸ்துமா உள்ளவர்கள் டாக்டர் ஒப்புதல் இல்லாமல் ஸ்கூபா இறங்க வேண்டாம். ஸ்கூபா முடிந்து 24 மணி நேரத்துக்குள் விமானம் ஏறுவதும் ஆபத்து.

இதெல்லாம் செய்யாதீங்க

• சங்கு, சிப்பி, பவளத்தைக் கரையிலிருந்து பொறுக்கி வராதீங்க. விமான நிலையச் சோதனையில் சிக்கினால் வழக்கு வரும்.
• பாராடாங் போகும் சாலை ஜாரவா பழங்குடியினரின் காட்டு வழி. வண்டிகள் போலீஸ் பாதுகாப்பில் வரிசையாகப் போகும். போட்டோ, வீடியோ எடுப்பது, தின்பண்டம் கொடுப்பது எல்லாம் குற்றம். ஜெயில் வரை போகும்.
• முதலை எச்சரிக்கைப் பலகை உள்ள இடத்தில் கடலில் இறங்காதீங்க.

சுருக்கமாகச் சொன்னால்: முதலில் பருவம், அப்புறம் கடைசி இரவு, அப்புறம்தான் விலை. இந்த வரிசையில் முடிவெடுத்தால், ஒரு போகத்துச் சேமிப்பு வீணாகாமல் திரும்பி வரலாம்.