வாய்ப்பாடு படித்த குமாஸ்தா

புதுச்சேரி ஆனந்தரங்கம் பிள்ளையைப் பற்றிப் பேச்சு வந்தால் அவரை 'இந்தியாவின் பீப்ஸ்' என்று யாராவது சொல்லிவிடுவார்கள். அசல் பீப்ஸைப் படித்துவிட்டுத்தான் சொல்கிறார்களா என்பது வேறு விஷயம். ஒப்புமை பொருத்தமானதுதான். இருவரும் நாட்குறிப்பு எழுதியவர்கள். இருவரும் அதிகாரத்துக்கு மிக அருகில், ஆனால் ஒரு படி கீழே நின்றவர்கள். அந்த ஒரு படி கீழே நிற்பதில் எத்தனை வேதனையும் வேடிக்கையும் உண்டு என்பதை லண்டன் நகரத்துச் சாமுவேல் பீப்ஸ் எழுதியதுபோல் மனம்விட்டு எழுதியவர்கள் குறைவு.

1660 ஜனவரி முதல் தேதி தொடங்கி 1669 மே 31 வரை அவர் சுருக்கெழுத்தில் எழுதி வைத்தார். 1665-இன் கொள்ளை நோய்க்காகவும் 1666-இல் லண்டனை எரித்த பெருந்தீக்காகவும் அதைப் படிப்பவர்கள் பலர். நான் அதை எடுத்துப் பிரிப்பது வேறு ஒரு கதைக்காக. அது ஓர் ஆபீஸ் கதை. வேலையை உயிராக நேசித்த ஒரு மனிதர். அவருக்கு மேலே, அந்த வேலைக்குச் சற்றும் லாயக்கில்லாத ஒரு பெரியவர்.

பீப்ஸுக்கு உத்தியோகம் கிடைத்ததே சிபாரிசினால்தான். 1660-இல் இரண்டாம் சார்லஸ் மன்னரை ஹாலந்திலிருந்து அழைத்து வந்த கப்பற்படைக்குத் தலைவர் எட்வர்டு மாண்டகு. அவர் பீப்ஸுக்கு உறவினர். உறவுக்காரப் பையனைக் காரியதரிசியாகக் கூட்டிக்கொண்டு போனார். மன்னர் ஏறி வந்த கப்பலுக்கு 'ராயல் சார்லஸ்' என்று புதுப் பெயர் சூட்டினார்கள். திரும்பி வந்ததும் பீப்ஸுக்குக் கடற்படை வாரியத்தில் ஆவணக் குமாஸ்தா பதவி. ஆண்டுக்கு 350 பவுன் சம்பளம். பெயர்தான் குமாஸ்தா, உண்மையில் பெரிய உத்தியோகம். அப்போது அவருக்கு வயது 27. கப்பல் கட்டும் மரத்தையும் விறகையும் பிரித்துச் சொல்லத் தெரியாது. கேம்பிரிட்ஜில் படித்த பட்டதாரிதான். ஆனால் பெருக்கல் வாய்ப்பாடு தெரியாது!

அதற்கு மேல் நடந்ததுதான் அதிசயம். பையனுக்கு வேலை பிடித்துப்போய்விட்டது. 1662 ஜூலையில் 'ராயல் சார்லஸ்' கப்பலைச் சேர்ந்த கூப்பர் என்ற மாலுமியை வாத்தியாராக அமர்த்திக்கொண்டு, விடியற்காலையில் எழுந்து, 29 வயதில் வாய்ப்பாடு உருப்போட்டார். ஆந்தணி டீன் என்ற கப்பல் கட்டுபவரிடம் மரம் அளக்கக் கற்றார். கயிறு திரிக்கும் இடத்துக்கும் தார் காய்ச்சும் இடத்துக்கும் போய் நின்று விலை விசாரித்தார். எந்த வியாபாரி எந்த அளவில் ஏமாற்றுகிறான் என்று புரியப் புரிய அவருக்கு உண்டான சந்தோஷம், புது மாப்பிள்ளைக்கு மாமனார் வீட்டில் உண்டாகிற சந்தோஷத்துக்குக் குறைந்ததல்ல.

இந்தச் சந்தோஷத்தின் நடுவில் 1661 கடைசியில் வந்து உட்கார்ந்தவர்தான் சர் ஜான் மென்னிஸ். பதவி, கன்ட்ரோலர். பொக்கிஷதாரர் கணக்கு, உணவு காண்டிராக்டர் கணக்கு, கிடங்குக் கணக்கு எல்லாவற்றையும் தணிக்கை செய்ய வேண்டியவர். வயது 62. மன்னரின் தந்தைக்காகப் போராடிய பழைய விசுவாசி. கடலில் கப்பல் நடத்தியவர். ஹாஸ்யக் கவிதை எழுதிப் புத்தகம் போட்டவர். கணக்கு மட்டும் வராது. காகிதங்கள் வந்தன, குவிந்தன, அங்கேயே கிடந்தன. பீப்ஸ் அவருக்கு நாட்குறிப்பில் கொடுத்திருக்கும் பட்டங்களை இங்கே எழுதினால் மரியாதையாக இராது.

ஆனாலும் அந்த மனிதரை வெறுக்கவும் முடியவில்லை. 1665 செப்டம்பர் 10-ஆம் தேதி. லண்டனில் கொள்ளை நோய் ஆயிரக்கணக்கில் ஆட்களைத் தின்றுகொண்டிருந்தது. கிரீன்விச்சில் ஒரு வீட்டு விருந்தில் நாலைந்து நண்பர்கள் கூடினார்கள். டச்சுக் கப்பல்களைப் பிடித்த செய்தி அன்றுதான் வந்திருந்தது. மென்னிஸின் கேலியும் கூத்தும் ஊரறிந்தவை. ஜான் ஈவ்லின் என்ற இன்னொரு நாட்குறிப்புக்காரர் இரண்டே சாதாரணச் சொற்களைத் திருப்பித் திருப்பிப் போட்டு ஒரு பாட்டுக் கட்டிச் சொல்ல, தம்முடைய வித்தையிலேயே தாம் தோற்றதைக் கண்டு கிழவர் விழுந்து விழுந்து சிரித்தார். அப்படிச் சிரித்த நாள் தம் வாழ்வில் குறைவு என்கிறார் பீப்ஸ். காலையில் இவரால் வேலை கெட்டது என்று எரிச்சல். மாலையில் இவரைப்போல் துணை இல்லை என்று மகிழ்ச்சி. கதை எழுதுகிறவன் என்ற முறையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. திறமை இல்லாத மேலதிகாரி பெரும்பாலும் கெட்டவராக இருப்பதில்லை. அதுதான் சங்கடம். கெட்டவராக இருந்தால் சண்டை போட்டுத் தொலைக்கலாம்.

பீப்ஸ் சண்டை போடவில்லை. கிழவர் செய்ய வேண்டியதில் தம்மால் முடிந்ததைத் தாமே இழுத்துப் போட்டுக்கொண்டு செய்தார். செய்ய முடியாததைக் குறித்து வைத்தார். நாட்குறிப்பு தவிர அவரிடம் இன்னொரு புத்தகம் இருந்தது. 'கடற்படை வெள்ளைப் புத்தகம்' என்று பின்னால் பெயர் பெற்றது. சகாக்கள் எந்தக் கணக்கைப் பார்க்காமல் விட்டார்கள், எந்த ஒப்பந்தத்தில் வாரியம் ஏமாந்தது என்று அதில் ஏற்றினார். மேலிடத்தில் சர் வில்லியம் கவன்ட்ரி என்ற கெட்டிக்காரரைத் தம் பக்கம் சேர்த்துக்கொண்டார். 1667 ஜனவரியில் கன்ட்ரோலரின் வேலையைப் பிரித்து, ஒரு பகுதியை பிரவுங்க்கர் பிரபுவிடமும் இன்னொரு பகுதியை சர் வில்லியம் பென்னிடமும் கொடுத்தார்கள். வேலை போயிற்று, பதவி போகவில்லை. பழைய விசுவாசியை வீட்டுக்கு அனுப்ப மன்னருக்கு மனம் வரவில்லை.

அநியாயம் என்று நமக்குத் தோன்றலாம். ஆனால் பீப்ஸ் ஏறி வந்ததும் அதே ஏணிதான். ஒருவருக்கு உறவினர் தயவு, மற்றவருக்கு மன்னர் தயவு. ஒருவர் ஏறிய பிறகு வாய்ப்பாடு படித்தார், மற்றவர் படிக்கவில்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

1667 ஜூனில் பலன் தெரிந்தது. பணமில்லாமல் பெரிய கப்பல்கள் கரையோரம் கட்டிக் கிடந்தன. மாலுமிகளுக்குச் சம்பளத்துக்குப் பதில் சீட்டு. சீட்டை மாற்றப் போனால் கையில் காசில்லை. டச்சுக்காரர்கள் மெட்வே நதிக்குள் புகுந்து, குறுக்கே கட்டிய சங்கிலியை அறுத்து, கப்பல்களைக் கொளுத்தி, 'ராயல் சார்லஸை' இழுத்துக்கொண்டு போனார்கள். ஆம், மன்னரை அழைத்து வந்த கப்பல். பீப்ஸுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தவரின் கப்பல். பீப்ஸ் தம் தந்தையையும் மனைவியையும் தங்கக் காசு மூட்டையோடு கிராமத்துக்கு அனுப்பிவிட்டு ஆபீஸில் உட்கார்ந்திருந்தார். சாத்தம் துறைமுக அதிகாரி பீட்டர் பெட் சிறைக்குப் போனார். பழி சுமக்க ஒருவர் வேண்டுமல்லவா?

பாராளுமன்றம் வாரியத்தைக் கூப்பிட்டது. 1668 மார்ச் 5-ஆம் தேதி, தைரியத்துக்குக் கொஞ்சம் ஒயினும் பிராந்தியும் குடித்துவிட்டு, பீப்ஸ் மூன்று மணி நேரத்துக்கு மேல் பேசினார். யாருடைய அலட்சியத்தை வெள்ளைப் புத்தகத்தில் வரி வரியாக எழுதினாரோ, அவரையும் சேர்த்தே காப்பாற்றினார். ஊரே மெச்சியது. அதே ஆண்டு ஆகஸ்டில் கடற்படைத் தலைவரான யார்க் கோமகன், வாரியத்து அதிகாரிகளின் குறைகளை அடுக்கி ஒரு கண்டனக் கடிதம் அனுப்பினார். கடிதத்தை எழுதிக் கொடுத்தவர் பீப்ஸ்! அதிகாரிகள் ஒவ்வொருவரும் பதில் எழுதியபோது, தாமும் ஒன்றும் அறியாதவர்போல் பதில் எழுதினார்.

இவ்வளவு சாமர்த்தியத்தாலும் மென்னிஸ் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. 1671-இல் அந்தப் பதவியிலேயே காலமானார். கீழே இருப்பவன் கெட்டிக்காரனாக இருப்பதாலேயே மேலே இருப்பவர் நிலைத்துவிடுகிறார் என்று எனக்குத் தோன்றுகிறது. பீப்ஸ் இரண்டு மாதம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் கிழவரின் குட்டு உடைந்திருக்கும். ஆனால் கப்பலில் இருப்பவர்கள் பட்டினி கிடந்திருப்பார்கள். அவர் உழைத்தது மென்னிஸுக்காக அல்ல, கப்பல்களுக்காக. வியாபாரிகளிடம் வெகுமதி வாங்கிக்கொண்டவர்தான்; மகான் அல்ல. இருந்தாலும் வாங்கிய கயிறு நல்ல கயிறா என்று பார்த்தவர்.

1673-இல் அவர் கடற்படைத் தலைமைக் காரியாலயத்தின் காரியதரிசி ஆனார். 1677-இல் ஒரு விதி கொண்டுவந்தார்: லெப்டினன்ட் ஆக விரும்புகிறவர் மூன்று ஆண்டுகளாவது கடலில் வேலை செய்திருக்க வேண்டும்; பரீட்சையிலும் தேற வேண்டும். யார் வீட்டுப் பிள்ளையானாலும் சரி. மேல் பதவிகளுக்கு மன்னர் தயவே தொடர்ந்தது; அங்கே அவர் கை எட்டவில்லை. எட்டிய இடத்தில் ஒரு பரீட்சையை வைத்துவிட்டுப் போனார். விடியற்காலையில் வாய்ப்பாடு படித்த மனிதருக்கு அப்படித்தான் தோன்றியிருக்கும்.