நகரும் கண்ணும் நகரும் பொருளும்

பீடோங் வழியே பேருந்தில் செல்வோர்க்குச் சாலையோரப் பால்மர நிரைகள் பின்னோக்கி விரைவதும், 1217 மீட்டர் உயரமுள்ள குனோங் ஜெராய் உடன் வருவதுபோல் தோன்றுவதும் பழகிய காட்சி. மரம் அண்மையிலும் மலை சேய்மையிலும் இருப்பதே இதற்குக் காரணம். அசையாப் பொருளின் தொலைவை அறிய நம் நகர்ச்சியே அளவுகோலாகிறது. ஆனால், பொருளும் நகருமாயின் அவ்வளவுகோல் பிழைபடும். சேய்மையில் விரைவதும் அண்மையில் மெல்ல ஊர்வதும் ஒற்றைக் கண்ணுக்கு ஒன்றுபோலவே தோன்றும்.

இச்சிக்கல் ஒளிப்படக் கருவிக்கும் முந்தியது. 499ஆம் ஆண்டைச் சார்ந்த தம் நூலில் ஆரியபட்டர், படகிற் செல்வோனுக்குக் கரைப்பொருள்கள் பின்செல்வதாகத் தோன்றுவதை உவமையாக்கி, விண்மீன்களின் மேற்குநோக்கிய ஓட்டத்தை விளக்கினார்.

1801 ஜனவரி 1 அன்று பலெர்மோ நகரில் பியாட்சி, சீரிசு என்னும் புதிய வான்பொருளைக் கண்டார். ஏறத்தாழ 41 நாள்களுக்குப்பின் அதனைத் தொடர இயலவில்லை. பின்னர் அது கதிரவன் ஒளியில் மறைந்தது. புவியே நகரும் கண். சீரிசு நகரும் பொருள். ஒவ்வொரு நோக்கும் திசையைத் தந்ததேயன்றித் தொலைவைத் தரவில்லை. 24 வயதினரான காஸ், அப்பொருள் கெப்ளர் விதிப்படியே கதிரவனைச் சுற்றும் எனக் கொண்டு அதன் பாதையைக் கணித்தார். அவ்வாண்டு டிசம்பரில், அவர் சுட்டிய இடத்தருகே சீரிசு மீண்டும் காணப்பட்டது.

இத்தகைய தேடலில் தமிழ்நிலத்திற்கும் பங்குண்டு. 1861 ஏப்ரல் 17 அன்று சென்னை வானாய்வகத்தில் போக்சன் ஒரு சிறுகோளைக் கண்டறிந்தார். ஆசியக் கண்டத்திலிருந்து கண்டறியப்பட்ட முதற் சிறுகோள் ஆதலின், அது 'ஏசியா' எனப் பெயர் பெற்றது.

கணினிப் பார்வைத் துறையும் இவ்வழியையே பின்பற்றியது. 1981இல் லாங்கெட்-ஹிக்கின்ஸ், அசையாக் காட்சியின் இரு படங்களில் எட்டுப் புள்ளிகளைப் பொருத்தி அதன் வடிவை மீட்கும் முறையை வெளியிட்டார். நகரும் புள்ளிக்கு அம்முறை போதாது. 2000இல் அவிதானும் ஷாஷுவாவும், கருவியின் நிலைகள் அறியப்பட்டிருப்பின், நேர்கோட்டில் செல்லும் புள்ளியின் பாதையை ஐந்து படங்களால் மீட்கலாம் எனக் காட்டினர். வெளியில் ஒரு கோட்டைக் குறிக்க நான்கு எண்கள் வேண்டும். ஒவ்வொரு படமும் ஒரு கட்டுப்பாட்டைத் தரும். நான்கு படங்களுக்கு இரு விடைகள் எழக்கூடும். ஐந்தாவது படம் ஐயத்தை நீக்கும். பாதை கூம்பு வளைவாயின் ஒன்பது படங்கள் வேண்டும்.

காஸுக்குக் கெப்ளர் விதி துணைநின்றது. இவர்களுக்கு நேர்கோடு என்னும் கருதுகோள் துணைநின்றது. சாலையைக் கடக்கும் சிறுவன் நேர்கோட்டில் நடப்பான் என்பதற்கு எவ்விதியும் இல்லை. ஆதலின், தானியங்கு வண்டியின் கணக்கை ஆராயும் மாணவர், அதில் கண்டது எவ்வளவு, கருதியது எவ்வளவு என முதலில் பிரித்தறிதல் வேண்டும்.