பாட்டர்ஸீ மின்நிலையம்

லண்டன் மாநகரில் தேம்ஸ் நதியின் தென்கரையில், நைன் எல்ம்ஸ் பகுதியை அடுத்து, நான்கு மூலைகளிலும் நான்கு வெண்ணிறப் புகைபோக்கிகளைத் தாங்கி நிற்கும் மாபெரும் செங்கற் கட்டடம் பாட்டர்ஸீ மின்நிலையம். 1933 முதல் 1983 வரை, அரை நூற்றாண்டுக் காலம், நிலக்கரியை எரித்து அந்நகருக்கு மின்சாரம் வழங்கிவந்த இந்நிலையம், இப்போது கடைகளும் அலுவலகங்களும் குடியிருப்புகளும் நிறைந்த வளாகமாக உருமாறியிருக்கிறது. ஏ, பி என இரு பகுதிகளாக, இருபதாண்டு இடைவெளியில் கட்டி முடிக்கப்பட்டது. உள்ளே சுழன்ற யந்திரங்களில் ஒன்றும் மிஞ்சாமற்போக, அவற்றை மறைப்பதற்காக எழுப்பிய புறச்சுவர் மட்டும் தேசத்தின் பாதுகாக்கப்பட்ட செல்வங்களுள் ஒன்றாக எஞ்சியது இதன் சரித்திரத்தின் விசேஷம். அப்புறச்சுவரின் அழகுக்குக் காரணமாயிருந்தவர்கள், இந்நிலையம் கட்டவே கூடாது என்று ஆட்சேபித்தவர்கள்தாம்.

பொதுமக்களுக்கு மின்சாரம் விற்பதற்கென நிலக்கரியால் இயங்கிய நிலையத்தை எடிசனின் கம்பெனி 1882-ஆம் ஆண்டிலேயே லண்டனின் ஹோல்பர்ன் வயடக்ட் என்னுமிடத்தில் நிறுவியிருந்தது. அதன்பின் நாற்பது ஆண்டுகளில் மின்சாரத் தொழில் பெருகிற்றேயன்றி ஒழுங்குபெறவில்லை. நகரசபைகளும் தனியார் கம்பெனிகளும் தத்தம் வட்டாரத்துக்குள் தத்தம் விருப்பப்படி சிறு சிறு நிலையங்களை வைத்துக்கொண்டு, ஒருவர் நேர்மின்னோட்டமும் மற்றொருவர் மாறுமின்னோட்டமுமாக, வோல்ட்டளவிலும் அதிர்வெண்ணிலும் ஒன்றோடொன்று பொருந்தாத மின்சாரத்தை வழங்கி வந்தமையால், ஒரு பேட்டையில் வாங்கிய மின்சாதனம் வேறொரு பேட்டைக்குக் குடிபெயர்ந்தவருக்கு உதவாமற்போவது சகஜமாயிருந்தது. இக்குழப்பத்தைத் தீர்க்க 1926-இல் நிறைவேறிய சட்டம் மத்திய மின்சார வாரியத்தைத் தோற்றுவித்து, 1,32,000 வோல்ட் மின்தடங்களால் நாடு முழுவதையும் பிணைக்க வழிசெய்தது. அதற்கு முந்திய ஆண்டிலேயே லண்டனின் தனியார் மின்சாரக் கம்பெனிகள் பல ஒன்றுசேர்ந்து லண்டன் பவர் கம்பெனியை ஏற்படுத்தியிருந்தன. சிறிய நிலையங்களை மூடிவிட்டு, அவற்றுக்கெல்லாம் ஈடாகச் சில பெரிய நிலையங்களை நிர்மாணிப்பது இக்கம்பெனியின் உத்தேசம். அவ்வுத்தேசத்தின் முதற்பயன் பாட்டர்ஸீ.

1927-இல் கம்பெனி தேர்ந்தெடுத்த நிலம் ஏறத்தாழ 15 ஏக்கர் விஸ்தீரணமுள்ளது. முன்னொரு காலத்தில் ஸதர்க் அண்டு வாக்ஸ்ஹால் தண்ணீர்க் கம்பெனியின் நீர்த்தேக்கங்களும் வடிகட்டும் படுகைகளும் இருந்த இடம். நீராவியைக் குளிர்விக்கக் கைக்கெட்டும் தூரத்தில் நதிநீர், நிலக்கரியைக் கப்பலிலேயே கொணரத்தக்க கரை, மின்சாரத்தை வாங்கும் ஜனங்கள் அருகிலேயே வசிக்கும் சௌகரியம் ஆகிய மூன்றும் ஒருங்கே அமைந்த இடம் அது. ஆனால் மூன்றாவதாகச் சொன்ன சௌகரியமே சர்ச்சைக்கும் வித்தாயிற்று. 400 மெகாவாட் உற்பத்தி செய்யும் ஒரு நிலையம், ராஜதானியின் நடுவில், வெஸ்ட்மின்ஸ்டருக்கும் அரண்மனைக்கும் இவ்வளவு சமீபத்தில் கந்தகப் புகையைக் கக்கினால், பூங்காக்களின் மரங்களும், பழம்பெரும் கட்டடங்களின் சுண்ணாம்புக் கற்களும், எதிர்க்கரையில் மில்பேங்கிலிருக்கும் டேட் காலரியின் ஓவியங்களும் என்னாவது என்று பத்திரிகைகளிலும் பார்லிமெண்டிலும் கேள்விகள் எழுந்தன. லண்டனில் பெரும்பாலும் வீசுவது தென்மேற்குக் காற்றாகையால் இவ்வச்சம் வெறும் கற்பனையும் அன்று. முடிவில், புகையிலுள்ள கந்தகத்தை நீக்கியே வெளிவிட வேண்டுமென்ற நிபந்தனையின்பேரில் அனுமதி கிடைத்தது. மொத்த நிலையத்தையும் ஒரேயடியாகக் கட்டாமல், முதலில் ஒரு பாதியை மாத்திரம் கட்டுவதென்று தீர்மானமாயிற்று.

1929-இல் வேலை தொடங்கியது. நிலையத்தின் பொறியியல் அமைப்பு லியோனார்டு பியர்ஸ் என்பவருடையது. கட்டட அமைப்பையும் உட்புற அலங்காரத்தையும் தியோ ஹாலிடே கவனித்தார். பொதுமக்களின் அதிருப்தியைத் தணிக்கும் பொருட்டு, அப்போது லிவர்பூல் ஆங்கிலிக்கன் பேராலயத்தின் சிற்பியாகப் புகழ்பெற்றிருந்த ஜைல்ஸ் கில்பர்ட் ஸ்காட்டை வெளித்தோற்ற ஆலோசகராகக் கம்பெனி அமர்த்திக்கொண்டது. லண்டனின் சிவப்பு டெலிபோன் கூண்டை வகுத்தவரும் இவரே. உருக்குச் சட்டத்தின்மேல் செங்கல் போர்த்திய அப்பெருஞ்சுவர்களின் விளிம்புகளில் படிப்படியான வரிகளும், கான்கிரீட்டாலான புகைபோக்கிகளில் பழைய கிரேக்கத் தூண்களையொத்த நீளவரிகளும் ஸ்காட்டின் கைவண்ணம். 100 மீட்டருக்கு மேற்பட்ட உயரமுள்ள அப்புகைபோக்கிகளால், நிலையம் முழுமைபெற்ற பின்னர், தலைகீழாகக் கவிழ்த்த மேசை என்று லண்டன்வாசிகள் அதைச் சொல்லலாயினர். டேட் காலரியைப்பற்றி இங்கே ஒன்று சொல்லலாம். இதே ஸ்காட் பின்னாளில் நதியின் கீழ்ப்புறத்தில் பேங்க்ஸைடு என்னும் மற்றொரு மின்நிலையத்தை அமைத்தார். அது 1981-இல் மூடப்பட்டு, 2000-இல் டேட் மாடர்ன் என்ற கலைக்கூடமாகத் திறக்கப்பட்டது. மின்நிலையப் புகை தன் ஓவியங்களைக் கெடுத்துவிடும் என்ற கவலைக்கு ஆளான ஸ்தாபனம், மின்நிலையம் ஒன்றுக்குள்ளேயே ஓவியங்களைத் தொங்கவிட நேர்ந்தது.

ஏ பகுதி 1933-இல் மின்னுற்பத்தியைத் தொடங்கி 1935-இல் நிறைவெய்தியது. கட்டுமானத்தின் முதல் நான்காண்டுகளில் விபத்துகளில் ஆறு தொழிலாளர் உயிரிழந்தனர். பிரமாண்டமான கட்டடங்களின் வர்ணனையில் இத்தகைய கணக்கு அநேகமாக விடுபட்டுப்போகிறது. உட்புறத்தை அலங்கரித்ததில் கம்பெனி செலவைப் பாராட்டவில்லை. முதற் கட்டுப்பாட்டு அறையின் சுவர்களில் இத்தாலியச் சலவைக்கல் பதித்து, தரையில் மரப்பலகை பாவி, கூரையில் கட்டம் கட்டமாகக் கண்ணாடி பொருத்தி மேலிருந்து வெளிச்சம் விழும்படி செய்திருந்தனர். அவ்வெளிச்சத்தில் வரிசையாக நின்ற பலகைகளில் அளவுமானிகளும் கைப்பிடிகளும் லண்டன் வட்டாரங்களின் பெயர்களைத் தாங்கியிருந்தன. ஒரு கைப்பிடியை இறக்கினால் ஒரு பேட்டையே இருளடையும். பொதுமக்கள் கால்வைக்காத இடத்துக்கு இவ்வளவு சிங்காரம் எதற்கு என்ற கேள்விக்கு, மின்சாரம் அக்காலத்தில் தன்னை ஒரு புதிய நாகரிகமாகவே எண்ணிக்கொண்டிருந்தது என்பதைத் தவிர வேறு விடை தோன்றவில்லை.

பாட்டர்ஸீயின் உண்மையான புதுமை புகையைக் கழுவும் முறையில் இருந்தது. நிலக்கரி எரியும்போது அதிலுள்ள கந்தகம் கந்தக டயாக்ஸைடாகிப் புகையுடன் வெளிப்படும். ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகிக் கல்லையும் நுரையீரலையும் அரிக்கும். சுண்ணாம்புப் பிரதேசங்களின் வழியே ஓடிவருவதால் தேம்ஸ் நீருக்கு இயல்பாகவே காரத்தன்மை உண்டு. அந்நீரைப் பெருமளவில் இறைத்து, போதாதவிடத்துச் சுண்ணத்தூளையும் கரைத்துச் சேர்த்து, புகை மேலேறும் வழியில் தாரைகளாகப் பொழிந்து, பத்தில் ஒன்பது பங்குக்கும் அதிகமான கந்தகத்தை நீக்கினார்கள். உலகில் இத்தகைய பெரு முயற்சிகளுள் மிக முந்தியது இது. ஆயினும் இதில் இரண்டு குறைகள் இருந்தன. கழுவிய நீர் மீண்டும் நதிக்கே போயிற்று. ஆகாயத்துக்கு நேரவிருந்த தீமையில் ஒரு பங்கு தண்ணீருக்கு மாற்றப்பட்டது என்றுதான் சொல்லவேண்டும். மற்றொன்று, குளிர்ந்து ஈரமாகிவிட்ட புகை உஷ்ணத்தால் உயரே எழும் வலிமையை இழந்து, வெண்மேகமாகப் புகைபோக்கியின் வாயிலிருந்து சரிந்து அருகிலேயே இறங்கிற்று. எஞ்சிய கந்தகம் சொற்பமேயானாலும் அது போய்ச் சேர்ந்தது அண்டை வீடுகளுக்கே. இரண்டாம் உலகப்போரின்போது இவ்வெண்மேகம் எதிரி விமானங்களுக்கு வழிகாட்டும் என்ற பயத்தால், கழுவும் வேலை நிறுத்திவைக்கப்பட்டது.

நிலையத்தின் அன்றாட வாழ்வில் நதியே ராஜபாட்டை. இங்கிலாந்தின் வடகிழக்குத் துறைமுகங்களிலிருந்தும் வேல்ஸிலிருந்தும் புறப்படும் நிலக்கரிக் கப்பல்கள், லண்டன் பாலங்களின் அடியில் நுழைந்து செல்லும்படியாக, மேற்கட்டுகளைத் தாழ்த்திப் பிரத்தியேகமாகக் கட்டப்பட்டவை. புகைபோக்கியையும் கொடிமரத்தையும் மடக்கிக்கொள்ளக்கூடிய இக்கப்பல்களை ‘இஸ்திரிப்பெட்டி’ என்று பொருள்படும் பெயரால் மாலுமிகள் வழங்கினர். துறையில் ஒரே சமயத்தில் இரண்டு கப்பல்களைக் கட்டி நிறுத்தலாம். கிரேன்கள் மணிக்கு 480 டன் வரையில் இறக்கிப்போடும். அங்கிருந்து ஓடுபட்டைகள் கரியைக் கிடங்குக்கும் பாய்லர்களுக்கும் கொண்டுசென்றன. ரயில் வழியாகவும் கொஞ்சம் வந்தது. பி பகுதியும் சேர்ந்தபின் ஆண்டொன்றுக்குப் பத்து லட்சம் டன்னுக்கு மேல் இவ்வாறு எரிந்தது. ஏ பகுதியின் மூன்று யந்திரங்களின் மொத்த ஆற்றல் 243 மெகாவாட். அவற்றுள் 105 மெகாவாட் ஆற்றலுள்ள ஒன்று, நிறுவிய காலத்தில் ஐரோப்பாவிலேயே பெரியது.

பி பகுதியின் வேலை யுத்தம் முடிந்த பிறகே தொடங்கிற்று. அதுவரை இந்நிலையம் இரண்டே புகைபோக்கிகளுடன் நின்றது. 1936-இல் வெளிவந்த ஹிட்ச்காக்கின் ‘ஸபடாஜ்’ படத்தில் அந்தக் கோலத்தைக் காணலாம். 1948-இல் மின்சாரத்தொழில் தேசவுடைமையானபோது லண்டன் பவர் கம்பெனி மறைந்து, நிலையம் அரசாங்க வாரியத்தின் வசமாயிற்று. 1953-இல் பி பகுதி இயங்கத் தொடங்கி, 1955-இல் நான்காவது புகைபோக்கி எழுந்தது. மொத்த ஆற்றல் 503 மெகாவாட் ஆயிற்று. வெளியே ஸ்காட்டின் அமைப்பையே பின்பற்றினார்களாயினும், உள்ளே சலவைக்கல்லுக்குப் பதில் எவர்சில்வர் வந்தது.

யுத்தத்தின் குண்டுவீச்சில் பாழான பிம்லிகோ பகுதியில், நதிக்கு நேர் எதிரே, சர்ச்சில் கார்டன்ஸ் என்ற குடியிருப்பை நகரசபை கட்டியபோது, மின்னுற்பத்தியில் வீணாய் நதியில் கலந்துகொண்டிருந்த வெப்பத்தில் ஒரு பங்கை அங்கே கொண்டுசெல்லும் ஏற்பாடு செய்யப்பட்டது. நிலையத்திலிருந்து சூடான நீர், தேம்ஸுக்கு அடியிலுள்ள சுரங்கத்தின் வழியாகக் குழாயில் அக்கரை சேர்ந்து, கண்ணாடி போர்த்திய உயரமான ஒரு கோபுரத்துக்குள் தேங்கி, அங்கிருந்து வீடு வீடாகப் பரவிற்று. ஆயிரக்கணக்கான வீடுகளில் தனித்தனியே கரியடுப்பு மூட்டவேண்டிய அவசியம் இதனால் இல்லாமற்போயிற்று. பாட்டர்ஸீ மூடப்பட்டபின்னும் கோபுரமும் குழாய்களும் வேறு பாய்லர்களின் வெப்பத்தைக் கொண்டு தொடர்ந்து வேலை செய்கின்றன. புகைபோக்கிகளைப் படமெடுக்க வருபவர்கள் இந்தக் கோபுரத்தின்பக்கம் திரும்புவதில்லை. என் அபிப்பிராயத்தில் இந்நிலையம் செய்த காரியங்களுள் மிகவும் விவேகமானது அதுதான்.

1964 ஏப்ரல் 20-ஆம் தேதி மாலை நிலையத்தில் மூண்ட தீயினால் லண்டனின் பல பகுதிகள் இருண்டன. பி.பி.ஸி.யின் இரண்டாம் தொலைக்காட்சி அலைவரிசை தொடங்கவிருந்த இரவு அது. மேற்கு லண்டனிலிருந்த ஒளிபரப்பு மனை மின்சாரமின்றி முடங்கவே, அலெக்ஸாண்ட்ரா அரண்மனையிலிருந்து செய்திகளை மட்டும் வாசித்துவிட்டு, தொடக்கவிழாவை மறுநாளைக்குத் தள்ளிவைத்தார்கள்.

யந்திரங்கள் முதுமையடைந்தன. நிலக்கரிச் சுரங்கங்களுக்கு அருகிலேயே இதைப்போல் பலமடங்கு ஆற்றலுள்ள நிலையங்களைக் கட்டி, கரியை நகரத்துக்குக் கொணர்வதற்குப் பதில் மின்சாரத்தைக் கம்பியில் அனுப்பும் வழக்கம் வந்தபின், நகர்நடுவில் கரி எரிப்பதற்கு நியாயம் இல்லாமற்போயிற்று. ஏ பகுதி 1975 மார்ச் 17-ஆம் தேதியும், பி பகுதி 1983 அக்டோபர் 31-ஆம் தேதியும் மூடப்பட்டன. இதற்கிடையில் பிங்க் ஃபிளாய்டு என்ற இசைக்குழு தன் ‘அனிமல்ஸ்’ இசைத்தட்டின் உறைக்காக, 1976 டிசம்பரில் காற்றடைத்த மாபெரும் பன்றியொன்றைப் புகைபோக்கிகளிடையே பறக்கவிட, அது கட்டறுத்துக்கொண்டு ஹீத்ரோ விமானங்களைக் கலவரப்படுத்தியபடி கெண்ட் மாவட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தது. இடிபடுமோ என்ற கவலை பரவியதால், பி பகுதி ஓடிக்கொண்டிருக்கும்போதே 1980-இல் சுற்றுச்சூழல் மந்திரி மைக்கேல் ஹெஸல்டைன் இதனைப் பாதுகாக்கப்பட்ட கட்டடமாக அறிவித்தார். 2007-இல் அதன் தகுதி மேலும் ஒருபடி உயர்த்தப்பட்டது.

பாதுகாப்புப் பட்டியலில் சேர்ந்த கட்டடத்தை இடிக்கக்கூடாதென்று சட்டம் சொல்லுமே தவிர, பேணுவதற்குப் பணம் தருவதில்லை. ஆல்டன் டவர்ஸ் கேளிக்கைப் பூங்காவின் அதிபர் ஜான் புரூம் இதை ஒரு விளையாட்டு நகரமாக மாற்றப் புறப்பட்டு, யந்திரங்களை வெளியேற்றுவதற்காகக் கூரையையும் மேற்குச் சுவரையும் பிரித்தார். 1989-இல் பணம் வற்றி வேலை நின்றுபோயிற்று. மழையில் நனைந்து துருவேறிய உருக்குச்சட்டம் வானம் பார்க்க நின்றது. 1993-இல் ஹாங்காங்கைச் சேர்ந்த பார்க்வியூ கம்பெனியும், 2006-இல் 40 கோடி பவுனுக்கு ஐரிஷ் முதலீட்டாளர்களும் வாங்கினர். திட்டப் படங்கள் பலவாக வந்தன. செங்கல் ஒன்றும் அசையவில்லை. இவ்வளவு காலமும் அக்கட்டடத்தை முழுதாகப் பயன்படுத்திக்கொண்ட குடித்தனம், உச்சியில் கூடு கட்டியிருந்த வல்லூறுகள் மட்டுமே.

ஐரிஷ் முதலாளிகள் கடனில் மூழ்கியபின், 2012-இல் மலேசியாவின் எஸ்.பி. ஸெத்தியா, ஸைம் டார்பி என்ற கம்பெனிகளும் அந்நாட்டுத் தொழிலாளர் சேமநிதியும் கூட்டாக இதனை வாங்கின. மலேசியத் தமிழர் இ.பி.எஃப். என்றழைக்கும் அச்சேமநிதியில் அவர்களுடைய சம்பளப் பிடித்தமும் அடக்கமாகையால், லண்டன் நதிக்கரையின் இக்கட்டடத்தில் கிள்ளானிலும் ஈப்போவிலும் உழைத்தவர்களுக்கும் ஒரு துளி பாத்தியதை உண்டு. 2013-இல் வேலை தொடங்கியது. உள்ளிருந்த இரும்பு அரித்துப்போன நான்கு புகைபோக்கிகளையும் படிப்படியாக இறக்கிவிட்டு, 2014-க்கும் 2017-க்கும் இடையில் பழைய வடிவத்திலேயே புதிதாக வார்த்தெழுப்பினர். ஆகவே இன்று காண்பவை அசலின் நகல்களே. 2021 செப்டம்பரில் பாதாள ரயிலின் நார்தன் தடம் இவ்விடம்வரை நீண்டது. 2022 அக்டோபர் 14-ஆம் தேதி கட்டடம் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. பாய்லர்கள் இருந்த கூடத்தின்மேல் ஆப்பிள் கம்பெனியின் அலுவலகம். டர்பைன் கூடங்களில் கடைகள். பி பகுதியின் கட்டுப்பாட்டு அறையில் மதுவிடுதி. வடமேற்குப் புகைபோக்கிக்குள் 109 மீட்டர் உயரத்துக்கு மனிதர்களை ஏற்றிச்செல்லும் கண்ணாடி லிப்ட்.

வளாகத்தில் சாமானியர் தாங்கக்கூடிய விலையில் 636 வீடுகள் கட்டுவதாக முதலில் ஒப்புக்கொண்டிருந்தனர். செலவு ஏறிவிட்டதென்று உரிமையாளர் முறையிட்டதன்மேல், அவ்வெண்ணிக்கையை 386 ஆகக் குறைத்துக்கொள்ள வாண்ட்ஸ்வொர்த் நகரசபை 2017-இல் இணங்கியது. அவ்வீடுகளும் மின்நிலையக் கட்டடத்துக்குள் அமையாமல், சற்று விலகிய வேறொரு மனையில் எழுந்தன.