காக்ஸ் டவுன் வீட்டுத் தோட்டங்களும் விதைகாப்பு மரபும்

முன்னுரை

தமிழ் மரபில் விதை உணவாகக் கருதப்படுவதில்லை. புறநானூற்றின் 333ஆம் பாடலில், விருந்தினர்க்குத் தர வேறு தானியம் இல்லாத நிலையில், விதைக்கென வைத்திருந்த தினை உரலில் இடப்படுகிறது. பெரியபுராணத்தில் இளையான்குடி மாறநாயனார் மழை இரவில் வயலுக்குச் சென்று, விதைத்த முளைநெல்லை வாரிவந்து அடியவர்க்கு அமுது படைக்கிறார். இவை பெருஞ்செயல்களாகப் போற்றப்படுவதற்குக் காரணம், விதை இழக்கத்தகாத பொருள் என்னும் எண்ணம் மக்களிடம் ஆழ வேரூன்றியிருந்ததே ஆகும். வயலுக்குரிய இவ்வெண்ணம் நகரத்து வீட்டுத் தோட்டத்தில் எவ்வாறு செயற்பட்டது என்பதையும், பருவம் மாறிவரும் இக்காலத்தில் அதன் நிலை என்ன என்பதையும் பெங்களூர் காக்ஸ் டவுன் பகுதியை முன்வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

குடியிருப்பும் தோட்டமும்

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெங்களூரில் ஆங்கிலேயரின் பாளையம் அமைந்தபின், படைப்பணி, கட்டடப்பணி, வணிகம் ஆகியவற்றின் பொருட்டு வட ஆர்க்காடு முதலிய பகுதிகளிலிருந்து தமிழர் பெருந்தொகையாகக் குடியேறினர். 1898இல் நகரைத் தாக்கிய கொள்ளைநோய், நெருக்கமான குடியிருப்புகளின் தீமையை வெளிப்படுத்தியது. காற்றும் வெளிச்சமும் புகும் புதிய விரிவாக்கப் பகுதிகள் திட்டமிடப்பட்டன. 1906இல் அடிக்கல் நாட்டப்பட்ட பிரேசர் டவுன் அவற்றுள் ஒன்று. அதனையடுத்து உருவான காக்ஸ் டவுன், பாளையத்தின் ஆட்சியராகப் பணியாற்றிய ஏ. ஆர். காக்ஸ் பெயரைப் பெற்றது.

இப்பகுதியைச் சூழ்ந்த இடப்பெயர்கள் பழைய நிலத்தை நினைவூட்டுகின்றன. சீவனஹள்ளி என்பதில் ஊரைக் குறிக்கும் ‘ஹள்ளி’யும், தொட்டிகுண்டா என்பதில் நீர்நிலையைக் குறிக்கும் ‘குண்டா’வும் எஞ்சியுள்ளன. ஊரும் குட்டையும் இருந்த நிலத்தில்தான் மதிற்சுவர் சூழ்ந்த வீடுகளும் அவற்றின் தோட்டங்களும் தோன்றின. சங்க இலக்கியம் ‘படப்பை’ என்று குறிக்கும் மனையொட்டிய தோட்டம், பாளையத்து வீடுகளின் பின்புறத்தில் வேறு வடிவில் தொடர்ந்தது எனலாம்.

ஒரு காயின் இரு பெயர்கள்

இத்தோட்டங்களின் வரலாற்றுக்குத் தக்க சான்று சௌசௌ ஆகும். நடு அமெரிக்க நிலப்பகுதிக்குரிய இக்கொடியைப் பெங்களூருக்குக் கொண்டுவந்தவராகக் குறிக்கப்படுபவர், 1874 முதல் லால்பாக் தோட்டத்தின் கண்காணிப்பாளராக இருந்த ஜான் கேமரன். கன்னடர் இதனைச் ‘சீமெ பதனெகாயி’ என்பர். சீமைக் கத்தரிக்காய் என்பது பொருள். தமிழரோ ‘பெங்களூர்க் கத்தரிக்காய்’ என்றனர். பெங்களூரார்க்குக் கடல்கடந்து வந்த காய், தமிழகத்தார்க்குப் பெங்களூரிலிருந்து வந்த காயாயிற்று. ஒரு பயிர் அயல்நிலத்திலிருந்து வந்து ஓர் ஊருக்கே உரியதாக மாறிய வரலாற்றை இவ்விரு பெயர்களும் காட்டுகின்றன.

சௌசௌவின் விதைகாப்பு முறை தனித்தன்மையுடையது. காய்க்கு ஒரு விதையே உண்டு. அது காய்க்குள்ளேயே முளைவிடும். விதையைப் பிரித்து உலர்த்தினால் உயிர் போய்விடும். ஆகவே முளைவிட்ட முழுக்காயையே நடவேண்டும். குதிரிலோ குப்பியிலோ இதனைச் சேமிக்க இயலாது. ஆண்டுதோறும் யாரேனும் ஒருவர் சமைக்காமல் ஒரு காயை ஒதுக்கி நட்டால்தான் கொடி தொடரும். ஒரு வீட்டில் கொடி பட்டுப்போனால் அண்டை வீட்டாரிடம் ஒரு காய் பெற்று நடுவதே வழி.

அவரையும் பட்டமும்

அவரையின் நிலை வேறு. அதன் விதையை நெற்றாகும்வரை கொடியிலேயே விட்டு, உலர்த்தி, சாம்பலோ வேப்பிலையோ கலந்து சேமிக்கலாம். நன்கு காய்த்த கொடியின் முதற்காய்களை ‘விதைக்கு விடுதல்’ என்பது தமிழர் வழக்கு. பூசணி, பாகல் முதலியவற்றின் விதைகளைச் சாணத்தில் பொதித்துச் சுவரில் அறைந்து வைத்தலும் அவ்வாறே.

நாட்டு அவரை, பகற்பொழுது குறுகும் காலத்திலேயே பூக்கும் இயல்புடையது. எனவே ஆடியில் ஊன்றிய விதை படர்ந்து வளர்ந்து, மார்கழி, தையில் காய்க்கும். ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்னும் பழமொழியின் பொருத்தம் இங்கு விளங்கும். மழை பிந்தி விதைப்பு தள்ளிப்போனாலும் பூக்கும் காலம் தள்ளிப்போவதில்லை. கொடி வளரப் போதிய காலமின்றியே பூக்கிறது, விளைச்சல் குறைகிறது. பெங்களூர் வேளாண் பல்கலைக்கழகம் உருவாக்கிய ‘ஹெப்பாள் அவரை’ வகைகளுட் சில பகற்பொழுதின் அளவைச் சாராமல் பூப்பதால் ஆண்டு முழுவதும் பயிரிட ஏற்றவை. இது பெரும் பயன். ஆயினும் ஓரிரு வகைகள் எங்கும் பரவும்போது வீட்டுக்கு வீடு வேறுபட்ட நாட்டு வகைகள் கைவிடப்படும் நிலையும் உண்டு.

மாறும் பருவம்

பெங்களூரின் மிதமான தட்பவெப்பமே அதன் தோட்டங்களுக்கு அடிப்படை. 2016 ஏப்ரல் 24 அன்று அந்நகரில் 39.2 பாகை செல்சியசு வெப்பம் பதிவாயிற்று. 2022இல் பெருமழையால் நகரின் பல பகுதிகள் நீரில் மூழ்கின. அடுத்த ஆண்டே மழை பொய்த்து, 2023இல் கருநாடகத்தின் 236 வட்டங்களுள் 223 வறட்சிக்குட்பட்டவை என அறிவிக்கப்பட்டன. 2024 மார்ச்சில், குடிநீரைத் தோட்டத்திற்குப் பயன்படுத்தினால் 5000 ரூபாய் தண்டம் என நகரக் குடிநீர் வாரியம் ஆணையிட்டது. 1974 முதல் காவிரி நீரை நம்பி வளர்ந்த நகரில், வீட்டுத் தோட்டம் தண்டத்திற்குரியதாயிற்று. பாத்திரம் கழுவிய நீரும் கூரையில் சேர்த்த மழைநீருமே எஞ்சிய வழிகள்.

இத்தகைய ஆண்டுகளில் பிழைத்த செடியின் விதையே அடுத்த ஆண்டுக்குரிய செல்வம். வெப்பத்தையும் நீர்க்குறைவையும் தாங்கியதன் விதையை மீண்டும் மீண்டும் தெரிந்தெடுத்தால், பயிர் அவ்விடத்திற்குப் படிப்படியாக இசையும். வீரிய ஒட்டு விதையில் இது எளிதன்று. அதன் அடுத்த தலைமுறை தாய்ச்செடியின் இயல்பினின்று பிறழும். உழவர் தம் விளைச்சலின் விதையைச் சேமிக்கவும் பகிரவும் விற்கவும் உள்ள உரிமையை 2001ஆம் ஆண்டின் பயிர்வகைகள் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டம் ஏற்கிறது. பாதுகாக்கப்பட்ட வகையின் விதையை வணிகப்பெயரிட்டு விற்பதை மட்டுமே விலக்குகிறது. சட்டம் தடையன்று, வழக்கம் அறுபடுவதே தடை.

பெங்களூரில் மாடித்தோட்டத்தை முனைவர் பி. என். விசுவநாத் போன்றோர் பரப்பினர். ஆயினும் மாடித் தொட்டியின் எல்லை சிறிது. பூசணி, சுரை போன்றவை பிற செடியின் மகரந்தத்தை ஏற்பவை. ஒன்றிரண்டு செடிகளிலிருந்தே தொடர்ந்து விதையெடுத்தால் அவற்றின் வளம் குன்றும். பல வீடுகளின் விதைகள் கலந்து கைமாறினால்தான் அது நிலைக்கும்.

முடிவுரை

விதைகாப்பு தனி வீட்டின் செயலாகத் தோன்றினும், உண்மையில் அது தெருவின் செயலாகும். சௌசௌ அண்டை வீட்டின் ஒரு காயை நம்பியது. பூசணி அண்டைத் தோட்டத்தின் பூவை நம்பியது. தனிவீடுகள் அடுக்குமாடிகளாக மாறும்போது அழிவது மண் மட்டுமன்று. வேலிக்கு மேலாக நடந்த கொடுக்கல் வாங்கலும் அழிகிறது. புறநானூற்று இல்லத்திலும் இளையான்குடியிலும் விதை விருந்துக்காக இழக்கப்பட்டது. அவ்விழப்பில் அறம் இருந்தது. இன்று விதை எவர் பசியையும் தீர்க்காமலேயே மறைகிறது. ஆகவே காக்ஸ் டவுன் போன்ற பகுதிகளில் எஞ்சியுள்ள தோட்டங்களின் பயிர்வகைகளையும் அவற்றின் தமிழ், கன்னடப் பெயர்களையும், அவை கைமாறிய வழிகளையும் முதியோரிடம் கேட்டுத் தொகுப்பது, தமிழ்த்துறைகள் காலந்தாழ்த்தாது மேற்கொள்ளவேண்டிய பணியாகும்.