ஜே, கே: இரண்டு எழுத்துகளின் வரலாறு

கன்ட்ரோல், சி இரண்டையும் சேர்த்து அழுத்தினால் நகல் எடுக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஜிமெயிலில் குறுக்குவிசைகளை இயக்கிவிட்டு ஜே என்ற ஒரே எழுத்தை அழுத்தினால் பட்டியலில் கீழேயும், கே-யை அழுத்தினால் மேலேயும் போகலாம் என்பது பலருக்குத் தெரியாது. ஏன் அந்த இரண்டு எழுத்துகள்? விடை 1976-ல் இருக்கிறது.

அம்பு அச்சிட்ட விசைகள்

லியர் சீக்லர் நிறுவனம் 1976-ல் வெளியிட்ட ஏடிஎம்-3ஏ முனையத்தில் அம்புக்குறிகளுக்குத் தனி விசைகள் கிடையாது. எச், ஜே, கே, எல் விசைகளின் மேலேயே நான்கு அம்புகளும் அச்சிடப்பட்டிருந்தன. ஆஸ்கி குறியீட்டில் கன்ட்ரோல்-எச் என்றால் ஓர் எழுத்து பின்னால் போவது. கன்ட்ரோல்-ஜே என்றால் ஒரு வரி கீழே இறங்குவது. அம்புகளும் அந்தத் திசைகளையே காட்டின. அந்தக் காலத்தில் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் இருந்த பில் ஜாய், விஐ என்ற உரைத்தொகுப்பானை இந்த முனையத்தில் உருவாக்கினார். அம்பு விசைகளை அப்படியே எடுத்துக்கொண்டார். யூனிக்ஸ் பழகியவர்களின் விரல்களில் ஜே, கே ஒட்டிக்கொண்டது இப்படித்தான்.

இணையத்தில் இடநெருக்கடி

1997-ல் வந்த எச்டிஎம்எல் 4.0, வலைப்பக்கங்களுக்கு 'ஆக்சஸ்கீ' என்ற வசதியைத் தந்தது. ஆல்ட் விசையோடு ஓர் எழுத்தை அழுத்தினால் குறிப்பிட்ட இணைப்புக்குப் போகலாம். ஆனால் விண்டோஸில் ஆல்ட்-எஃப் உலாவியின் மெனுவுக்கு, ஆல்ட்-டி முகவரிப் பட்டைக்கு என்று ஏற்கெனவே பட்டா போட்டாகிவிட்டது. பக்கமும் உலாவியும் ஒரே விசைக்குச் சண்டை போட்டன. 2006-ல் வந்த ஃபயர்பாக்ஸ் 2, வலைப்பக்கங்களுக்கு ஆல்ட்-ஷிப்ட் என்று மாற்றிக்கொடுக்க வேண்டியதாயிற்று.

2004-ல் வெளியான ஜிமெயில் வேறு வழியில் போனது. துணைவிசையே வேண்டாம், வெறும் எழுத்து போதும் என்றது. உலாவி பயன்படுத்தாமல் விட்டிருந்த இடம் அதுதான். தட்டச்சுப் பெட்டிக்குள் இருந்தால் அது எழுத்து, வெளியே இருந்தால் கட்டளை. நாளுக்கு நூறு மடல் பார்ப்பவர்களுக்கு இது வரப்பிரசாதம். பிறகு வந்த பல இணையச் செயலிகள் இதே வழியைப் பின்பற்றின.

யாருக்கு இடைஞ்சல்?

கையை அசைக்க முடியாமல் குரலால் கணினியை இயக்குபவர்களுக்கு இதே வசதி பெரும் தொல்லையானது. அவர்கள் பேசும் சொல், தவறான நேரத்தில் எழுத்து எழுத்தாகச் செயலிக்குள் போய் விழும். ஒவ்வோர் எழுத்தும் ஒரு கட்டளை. ஒரே சொல்லில் சில மடல்கள் பட்டியலை விட்டே போய்விடலாம். எது நடந்தது என்றுகூடத் தெரியாது.

வேறு மொழி விசைப்பலகைக்கு இன்னொரு சிக்கல். தமிழ்99 அமைப்பில் ஜே இருக்கும் இடத்தில் 'ப' வரும், கே இருக்கும் இடத்தில் 'ம' வரும். ஜே என்ற எழுத்துக்காகக் காத்திருக்கும் செயலி, 'ப' வந்தால் பேசாமல் இருந்துவிடும்.

மறுவடிவமைப்பு

2018 ஜூனில் வெளியான டபிள்யூசிஏஜி 2.1 அணுகல் வழிகாட்டி இதற்கென்றே 2.1.4 என்ற விதியைச் சேர்த்தது. ஒற்றை எழுத்துக் குறுக்குவிசை வைத்தால் அதை அணைக்க முடிய வேண்டும். அல்லது மாற்றிக்கொள்ள முடிய வேண்டும். அல்லது உரிய பகுதியில் கவனம் இருக்கும்போது மட்டுமே அது வேலை செய்ய வேண்டும். மூன்றில் ஒன்று கட்டாயம்.

மொழிச் சிக்கலுக்கு உலாவிகள் இரண்டு தகவல்களைத் தனித்தனியாகத் தருகின்றன: எந்த எழுத்து வந்தது, பலகையில் எந்த இடத்தில் அழுத்தப்பட்டது. ஜே, கே போல விரல் இருக்கும் இடம் முக்கியமானால் இடத்தைப் பார்க்கலாம். 'ரிப்ளை'க்கு ஆர் என்பது போல எழுத்தே நினைவுக்குறியானால் எழுத்தைப் பார்க்க வேண்டும். எல்லோருக்கும் பொருந்தும் ஒரே விடை இல்லை. அதனால்தான் பயனரே மாற்றிக்கொள்ளும் வசதி அவசியமாகிறது.

ஒரு முனையத்தில் தனி அம்பு விசைகள் இல்லாததால் பிறந்த ஏற்பாடு, அந்த முனையம் மறைந்த பிறகும் வாழ்கிறது. அதன் வேகம் சிலருக்கு மட்டும் உரியதாக இருந்தது. அணைக்கவும் மாற்றவும் வழி வைத்தால்தான் அது எல்லோருக்கும் பொதுவாகும்.