பழைய மோட்டார்சைக்கிள் வாங்கப் போறீங்களா? பணம் கொடுக்கும் முன் இதையெல்லாம் பாருங்க

ஸ்ரீ கெம்பாங்கானில் குடியிருக்கிறீர்கள். பக்கத்து செர்டாங்கில் புத்ரா பல்கலைக்கழகத்தில் காலை வகுப்பு, அல்லது பாலக்கோங் பக்கம் வேலை. கையில் ஒரு கப்சாய் இருந்தால் நாள் எளிதாக ஓடும். புதுசு வாங்கக் காசு பத்தாது. இணையத்தில் தேடினால் குறைந்த விலையில் வரிசையாக விளம்பரம் வருது.

அங்கேதான் கொஞ்சம் நிதானம் வேணும். கெட்டுப்போன எஞ்சினைப் பட்டறையில் சரி செய்துடலாம். தப்பான வண்டியை வாங்கிட்டால் சரி செய்வது கஷ்டம்.

முதலில் காகிதம், அப்புறம் வண்டி

வண்டியின் கெரானைக் கேளுங்க. தாளாக இருக்கலாம், மைஜேபிஜே செயலியிலும் இருக்கலாம். அதில் மூன்று விஷயங்களைப் பாருங்க.

• உரிமையாளர் பெயர்: விற்பவரின் அடையாள அட்டையில் உள்ள பெயரும் இதுவும் ஒன்றா? "அண்ணன் வண்டி, அவர் ஊர்ல இல்ல" என்று சொன்னால், அந்த அண்ணன் வரும்வரை காத்திருங்க.

• எண்கள்: கெரானில் உள்ள எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் வண்டியில் பொறித்த எண்களோடு ஒத்துப்போகணும். தேய்த்த தடமோ, மறுபடி பொறித்த தடமோ தெரிந்தால் திரும்பி வந்துடுங்க. திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்குவது குற்றவியல் சட்டத்தின் 411ஆவது பிரிவின்படி குற்றம்.

• வங்கிக் கடன்: உரிமை கோரும் நிறுவனத்தின் பெயர் கெரானில் இருந்தால் கடன் இன்னும் முடியவில்லை என்று அர்த்தம். கடன் தீர்ந்ததற்கான கடிதத்தைக் கேளுங்க.

'சம்போங் பாயார்' வேண்டாம்

"முன்பணம் கொஞ்சம் கொடுங்க, மீதித் தவணையை நீங்க கட்டிக்கோங்க" என்று சிலர் கேட்பார்கள். கேட்க மலிவாகத்தான் இருக்கும். ஆனால் வண்டியும் கடனும் வேறொருவர் பெயரிலேயே இருக்கும். நீங்கள் அவரிடம் கொடுத்த தவணையை அவர் வங்கியில் கட்டாமல் விட்டால், ஒருநாள் காலையில் வண்டியை இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அப்போது உங்கள் கையில் காட்ட ஒரு காகிதமும் இருக்காது.

எஞ்சின் ஆறியிருக்கணும்

"நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்று முன்கூட்டியே சொல்லிடுங்க. போனதும் எஞ்சின் பக்கத்தில் கையைக் கொண்டுபோய்ப் பாருங்க. சூடாக இருந்தால் ஏன் என்று கேளுங்க. ஆறிய எஞ்சின்தான் உண்மையைச் சொல்லும்.

ஸ்டார்ட் பண்ணியதும் நீலப் புகை தொடர்ந்து வந்தால் எஞ்சின் ஆயில் எரியுது. செலவு பெருசாக இருக்கும். ஆயில் பால் கலந்த காப்பி மாதிரி இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கலாம்.

2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடா வெள்ளத்தில் மூழ்கியதை நாம் மறக்கவில்லை. கிள்ளான் பள்ளத்தாக்கில் அதன் பிறகும் வெள்ளம் வந்திருக்கு. அதனால் சீட்டைத் தூக்கி அடியில் காய்ந்த சேறு, துரு இருக்கா என்று பாருங்க. முன்விளக்குக் கண்ணாடிக்குள் மண் கறை இருக்கான்னும் பாருங்க.

விழுந்த வண்டியா?

வண்டிக்கு நேர் எதிரே நின்று பாருங்க. ஹேண்டில் நேராக இருக்கும்போது முன்சக்கரமும் நேராக இருக்கணும். ஹேண்டில் கழுத்தைச் சுற்றிப் புது வெல்டிங், புது பெயின்ட் தெரிந்தால் பெரிய விபத்தாக இருந்திருக்கலாம்.

நடு ஸ்டாண்டு போட்டு முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, ஹேண்டிலை மெதுவாக இரு பக்கமும் திருப்புங்க. நடுவில் சிக்கினால் பேரிங் தேய்ந்திருக்கு. முன் ஃபோர்க்கில் எண்ணெய் கசிந்தால் சீல் போயிடுச்சு.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. பட்டன் தேயாமல் இருந்தாலும் ரப்பர் பழசாகி வெடித்திருந்தால் மழையில் பிடிக்காது. நம் நாட்டுச் சாலை விபத்துகளில் உயிரிழப்போரில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார்சைக்கிளில் சென்றவர்கள். அதனால் டயரிலும் பிரேக்கிலும் சமாதானம் வேண்டாம்.

மீட்டரை மட்டும் நம்பாதீங்க. ஓடிய தூரம் குறைவாகக் காட்டுது, ஆனால் கால் மிதி ரப்பரும் கைப்பிடியும் வழுவழுன்னு தேய்ந்திருந்தால் மீட்டரை மாற்றியிருக்கலாம்.

ஓட்டிப் பார்ப்பதற்கு உங்களிடம் பி2 உரிமம் வேணும், வண்டிக்குக் காப்புறுதி நடப்பில் இருக்கணும்.

பணம் எப்போது?

வண்டியைப் பார்க்கும் முன்பே "புக்கிங்" பணம் கேட்டால் அனுப்பாதீங்க. ஏமாந்து அனுப்பிட்டீங்களா? வெட்கப்படாமல் உடனே 997க்கு அழையுங்கள். அது தேசிய மோசடி தடுப்பு மையத்தின் எண்.

வண்டி எண்ணில் சம்மன் பாக்கி இருக்கா, கருப்புப் பட்டியலில் இருக்கா என்று போலீஸ், ஜேபிஜே இரண்டு பக்கமும் விற்பவரையே உங்கள் எதிரில் பார்க்கச் சொல்லுங்க. பாக்கி இருந்தால் பெயர் மாற்றம் அங்கேயே நின்றுவிடலாம்.

பிறகு உங்கள் பெயரில் காப்புறுதி எடுத்து, இருவரும் சேர்ந்து ஜேபிஜே வழியாகப் பெயர் மாற்றம் செய்யுங்க. என்னென்ன படிவம், சோதனை வேணும் என்பதை முன்கூட்டியே கேட்டுக்கோங்க. "அடுத்த வாரம் மாத்திக்கலாம்" என்ற பேச்சுக்குத் தலையாட்ட வேண்டாம். முழுப் பணமும் பெயர் மாறும் அன்றுதான் கைமாறணும். ரசீதும் வாங்கிக்கோங்க.

கடைசியாக ஒன்று: பழக்கப்பட்ட மெக்கானிக் ஒருவரைக் கூட்டிட்டுப் போங்க. "அவரா, அவரெல்லாம் எதுக்கு?" என்று விற்பவர் முகம் சுளித்தால், அந்த வண்டியை விட்டுவிட்டு அடுத்த விளம்பரத்தைப் பாருங்க.